டப்பிக்குள் கிடக்கும் படிகம்

ஆய்வகத்தில் வெற்றிடப் பம்பு விடாமல் முனகுகிறது. திரையில் இரண்டு வளைகோடுகள் நெருங்கி வந்து, தொடாமல் நிற்கின்றன. நடுவே மயிரிழை இருட்டு. "வந்துடுச்சுக்கா! இடைவெளி வந்துடுச்சு!" அளவெடுப்பவன் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றுகிறான். காந்தப் படிகத்தில் ஆன்டிமனி என்ற தனிமத்தைக் கலந்தால்தான் மேற்பரப்பு எலக்ட்ரான்களில் இந்த இடைவெளி விழும் என்று காட்ட அவனும் படிகம் வளர்ப்பவளும் மூன்று வருடமாக மாரடிக்கிறார்கள். அவளும் சிரிக்கப் போகிறாள். கை மேஜைமேல் இருக்கும் டப்பியில் படுகிறது. அவளே எழுதி ஒட்டிய சீட்டு: ஆன்டிமனி, முப்பது சதவீதம். மூடியைத் திறக்கிறாள். மிளகளவு படிகம் வெள்ளியாய் மினுங்கிக்கொண்டு உள்ளேயே கிடக்கிறது. கலப்பே இல்லாத படிகம் இருந்த பக்கத்து டப்பி காலி. காலையில் மாற்றி எடுத்து அளவுக் கருவிக்குள் அனுப்பியது அவள் கைதான். கலக்காமலே இது வருமென்றால், கலப்பால்தான் என்று போன மாதம் அச்சான அவர்கள் கட்டுரை என்னாவது? "முப்பது சதவீதம்தானேக்கா? எழுதிக்கிறேன்." "பூஜ்யம்" என்கிறாள். "சும்மா விளையாடாதீங்கக்கா" என்று அவன் சிரிக்கிறான். நோட்டில் முப்பது என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறான்.