கீழே ஓடும் எழுத்து

“சித்தப்பா, எங்களுக்கும் கண்ணு இருக்கு. கொஞ்சம் வாயை மூடறீங்களா?”

கத்தின பிறகுதான் சத்தம் கூடிப்போனது தெரிந்தது. படத்தில் ஓடிக்கொண்டிருந்த ரயிலைவிட என் குரல் பெரிதாக இருந்தது.

சித்தப்பா பாதி வரியில் நின்றார்.

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் படம். அப்பாவுக்கு ஞாயிறும் டூட்டி. ஆனால் பெரிய டிவி எங்களிடம்தான் இருக்கிறது என்பதால் அவருடைய அண்ணனும் தம்பியும் ஆஜராகிவிடுவார்கள். படத்தைத் தேர்ந்தெடுப்பது அக்கா. அவளுக்கு வெளிநாட்டுப் படம்தான் பிடிக்கும். பேச்சு ஒரு எழவும் புரியாது. கீழே தமிழில் எழுத்து ஓடும்.

அதைத்தான் சித்தப்பா ஒரு வரி விடாமல் உரக்கப் படிப்பார். “போகாதே.” “நான் போகத்தான் வேண்டும்.” “அப்படியானால் போ.” காதலி பேசினாலும் அதே கட்டைக் குரல்தான்.

கேட்டால், “வாய்விட்டுப் படிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும்” என்பார். இருபது வருஷமாகத் தபால் பிரிக்கிற மனுஷர். அங்கேயும் ஒவ்வொரு முகவரியையும் இப்படித்தான் கத்துவாரா?

“சரியாக் கேட்டடா,” என்றார் பெரியப்பா, காலை நீட்டியபடி. “இவன் படம் பாக்க வரானா, பாடம் நடத்த வரானா?”

சித்தப்பா அண்ணனை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் படம் முடியும்வரை மூச்சு விடவில்லை. அப்பாடா என்றிருந்தது.

படம் முடிந்தால் டீ. டீயோடு தீர்ப்பு. முதல் தீர்ப்பு எப்போதும் பெரியப்பாவுடையது. சோபா தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிறு பார்த்த படத்தை வாரம் பூராவும் பட்டறையில் கதை கதையாகச் சொல்வார். அங்கே இருக்கிறவர்களுக்கு அவர்தான் சினிமா.

“படம் அருமை,” என்றார். “அந்தத் தாடிக்காரக் கிழவன் இருக்கானே, தங்கம்! அந்தப் பொண்ணு வீட்டைக் காப்பாத்த எவ்வளவு காகிதத்தைத் தூக்கிட்டு அலையறான்!”

அக்காவுக்குப் புரையேறியது. “பெரியப்பா! அவன்தான் வில்லன்! அவ வீட்டை ஏமாத்தி எழுதி வாங்கத்தான் அவ்வளவு காகிதமும்!”

“நல்ல தூக்கமா பெரியப்பா?” என்றேன் நான். சும்மா இருப்பேனா?

“எனக்கும் அவன் நல்லவனாத்தான் தெரிஞ்சான்,” என்றார் சித்தப்பா அவசரமாக.

“அண்ணனும் தம்பியும் வேற ஏதோ படம் பாத்திருக்காங்க,” என்றாள் அக்கா.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பெரியப்பாவும் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்தார். வேலை கிடக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

“வெளிநாட்டுப் படமெல்லாம் சலிச்சுப் போச்சாம்,” என்றாள் அம்மா.

படங்கள் நன்றாகத்தான் இருந்தன. டீ நேரம்தான் சப்பென்று ஆகிவிட்டது. தூக்கிவைத்துக் கொண்டாட ஆளில்லை, கிழித்துத் தொங்கவிடவும் ஆளில்லை.

மூன்றாவது ஞாயிறு காலையில் நேராகப் பட்டறைக்கே போய்விட்டேன்.

“மதியம் ஒழுங்கா வாங்க பெரியப்பா. ரொம்பத்தான் பிகு பண்ணிக்கறீங்க.”

“பள்ளிக்கூடம் முடிஞ்சும் உன் வாய் மட்டும் லீவே எடுக்கல,” என்றார். சொல்லிக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தார். வெளிச்சத்துக்குக்கூடத் திரும்பவில்லை. ஒரே தடவையில் கோத்துவிட்டார்.

அப்போது துணிக்கடை ஆள் ஒரு மூட்டையை இறக்கிவிட்டு, சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். பெரியப்பா அதை முன்னும் பின்னும் திருப்பினார். என்னிடம் நீட்டினார்.

“என்ன போட்டிருக்குன்னு படிடா. கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்.”

பெரியப்பாவிடம் கண்ணாடியே கிடையாது.

“உங்களுக்கு ஏது…” என்று ஆரம்பித்து, மிச்சத்தை விழுங்கினேன். சீட்டைப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் நாலே வார்த்தை.

“நீலத் துணி நாளைக்குத்தான் வரும்.”

“அதானே பாத்தேன்,” என்று சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

போன இரண்டு ஞாயிறும் சித்தப்பா வந்திருந்தார். ஒரு வரிகூட வாய்விட்டுப் படிக்கவில்லை. ஆனாலும் இரண்டு கதையையும் அக்காவைவிடச் சரியாகச் சொன்னார்.

எனக்கு அங்கே நிற்கவே ஒரு மாதிரி இருந்தது.

“நீங்க இல்லாம படத்தைத் திட்டக்கூட ஆளில்ல. வாங்க,” என்றேன்.

“பாக்கலாம்.”

வந்தார். தன் இடத்தில் உட்கார்ந்தார். சித்தப்பா அந்தக் கோடியில் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். படம் ஆரம்பித்தது.

அம்மா மடியிலிருந்த பட்டாணிக் கூடையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“உனக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள் அம்மா.

“சித்தப்பா, நான் பட்டாணி உரிக்கணும். தலை நிமிர முடியாது. என்ன எழுத்து ஓடுதுன்னு கொஞ்சம் படிங்களேன்.”

சித்தப்பா என்னையே பார்த்தார். நான் பட்டாணியைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“‘கதவைத் திற. வெளியே மழை பெய்கிறது.’”

“ஆரம்பிச்சுட்டாண்டா!” பெரியப்பா காலை நன்றாக நீட்டிக்கொண்டார். “டேய், அன்னிக்குச் சொன்ன மாதிரி இவனை வாயை மூடச் சொல்லுடா!”

நான் சொல்லவில்லை.