ரிவால்வருக்கு வயசு என்ன?

பழம்பொருள் கடை அலமாரியில் ஒரு சின்ன ரிவால்வர் கிடந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும், வெடிமருந்தை இடித்து நிரப்பிச் சுட்ட காலத்தது. நாளைக்கு விலை மதிக்கப் பூதக்கண்ணாடி வருகிறதென்று கேட்டதும், இந்தத் துருவோடு அதன் முன்னால் நிற்பதில்லை என்று ஒரே பிடிவாதம்.

“தேயடா,” என்றது பக்கத்தில் கிடந்த உப்புத்தாளிடம்.

“அண்ணே, துருவுக்கடியில ஏதோ எண் பொறிச்சிருக்கே?”

“அதுவும் அழுக்குதான். நிறுத்தாதே, தேய்!”

மறுநாள் பூதக்கண்ணாடி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. “பளபளப்பு ஜோர். பழசுன்னா எண் இருக்கணுமே, எங்கே?”

“நூற்றைம்பது வயசு எனக்கு!”

“போன வாரம் செஞ்ச நகலும் இதையேதான் சொல்லிச்சு,” என்று பூதக்கண்ணாடி அடுத்த தட்டுக்கு நகர்ந்தது.

ரிவால்வர் விடுவதாயில்லை. உப்புத்தாளைக் கேட்டது: “தம்பி, அந்த எண் என்னடா?”

“ரெண்டு இலக்கம் படிச்சேன், அண்ணே. அதுக்குள்ள நிறுத்தாதேன்னுட்டீங்க.”