ஞாயிற்றுக்கிழமைத் தங்கச்சி

ஜேசுரட்ணத்துக்குத் தங்கச்சியே கிடையாது. அப்படியிருக்க, ஸ்டுட்கார்ட் ஆஸ்பத்திரியில் ஞாயிறுதோறும் ஒரு தங்கச்சி வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறாளாம்.

கதை அகதி விடுதிச் சமையலறைக்கு வந்து சேர்ந்ததும் அவருடைய தம்பி பெண்சாதி பிளோறன்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூசை தவறாதவள். ஊராருடைய பாவமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மன்னாரில் மனைவி செபமாலையும் கையுமாக இருக்க, சயரோக வார்டில் கிடக்கிற மனுசனுக்குச் சோடி கேட்குதோ?

எண்பத்தைந்தாம் ஆண்டு அது. தொற்று வார்டுக்குள் நெருங்கிய உறவில் ஒரே ஒருவரைத்தான் விடுவார்கள், அதுவும் ஞாயிறு மட்டும், முகமூடி கட்டிக்கொண்டு. அந்த ஒருவர் தன் புருசன் றெஜினோல்ட் என்றுதான் பிளோறன்ஸ் நினைத்திருந்தாள். தமையனுக்கென்று சோறும் மீன்குழம்பும் கட்டிக் கொடுத்துவிடுவாள். அவரும் திரும்பி வந்து, அண்ணை சுகமாக இருக்கிறார் என்பார்.

அப்படியானால் இவள் எப்படி உள்ளே போகிறாள்? கேட்டால் றெஜினோல்ட் மழுப்பினார். அடுத்த ஞாயிறு, அவருக்குத் தெரியாமல் பிளோறன்சே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வார்டு வாசலில் முகமூடியோடு நின்றவள் விடுதியின் பக்கத்து அறைக் கண்மணி. கையில் பிளோறன்சின் சாப்பாட்டுப் பெட்டி.

பிளோறன்ஸ் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்த அரைகுறை ஜெர்மனில் தாதியிடம் போட்டுக்கொடுத்தாள். இவள் தங்கச்சி இல்லை, பொய் சொல்கிறாள், குடும்பத்து ஆள் நான்தான் என்றாள்.

தாதி கண்மணியின் முகமூடியைக் கழற்றச் சொன்னாள்.

கண்மணி சண்டை பிடிக்கவில்லை.

"அக்கா, உங்கடை அவர் ஒருநாளும் உள்ளை வரேல்லை. வருத்தம் தொத்திப்போடுமெண்டு பயம். ஸ்டேசனிலை சாப்பாட்டை என்னட்டைத் தந்திட்டு அங்கையே நிண்டிடுவார். தமிழிலை ரெண்டு வார்த்தை கதைக்க ஆளில்லாமல் அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். அதுதான் தங்கச்சியெண்டு சொன்னனான்."

பிளோறன்சுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

தாதி புது முகமூடி ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினாள். குடும்பத்து ஆள் உள்ளே வரலாம் என்றாள்.

கதவுக்கு அப்பால் இருமல் கேட்டது. அது நிற்பதாக இல்லை.

நீட்டிய முகமூடியைப் பிளோறன்ஸ் வாங்கவில்லை. அவளுடைய கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

"கண்மணி," என்றாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "நீங்களே போங்கோ. தங்கச்சிதானெண்டு நான் சொல்லுறன்."