பதினான்கு ஓட்டு

அந்த பூட்ஸைப் பார்த்தாலே கட்சிச் செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. ஓட்டுக் கேட்டு வருகிறவன் போடுகிற பூட்ஸா இது?

வேட்பாளர் ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து நாளைக்கு முன்புதான் மேலிடம் அவரைக் கொண்டுவந்து செயலாளர் தலையில் கட்டியது. இந்தத் தொகுதியில் கட்சி மூன்று தடவை தோற்றாயிற்று. நாலாவது தடவையும் தோற்றால் செயலாளர் பதவி போய்விடும்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து உட்காருங்க" என்றார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று அந்த ஒரே வீட்டில் பதினான்கு ஓட்டு. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் செயலாளர் செருப்பை உதறிவிட்டார்.

மேஜர் வாசலிலேயே நின்றார். "இருக்கட்டும் ஐயா. இங்கேயே நின்னு பேசிடறேன்."

"ஏன், எங்க வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதோ?"

"அப்படியெல்லாம் இல்ல ஐயா. உங்க தெருக் குழாயில தண்ணி வந்து எத்தனை நாளாச்சு?"

பெரியவர் முகம் சுண்டிப்போயிற்று. "யோசிச்சுச் சொல்றோம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். செயலாளர் உதறிய செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

தெருமுனை வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"எதிர்க்கட்சிக்காரன் அடிபடாமலே கையில கட்டுப் போட்டுக்கிட்டுச் சுத்தறான். நீங்க இருபது வருஷம் பட்டாளத்துல இருந்திருக்கீங்க. போஸ்டர்ல போட ஒரு கீறல் உண்டா? கேட்டா, சண்டைக் கதை வேண்டாம், தண்ணிக் குழாயைப் போடுங்கன்னு சொல்றீங்க."

மேஜர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"நேத்து சாக்கடைத் தண்ணியில எல்லாரும் பேன்ட்டை முட்டிக்கு மேல மடிச்சுக்கிட்டு இறங்கினோம். போட்டோக்காரன் வேற காத்துக்கிட்டு நின்னான். நீங்க மட்டும் மடிக்காம, பூட்ஸோட அப்படியே இறங்கினீங்க. ஜனங்க அதைத் திமிருன்னுதான் சார் சொல்லுவாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும்."

"பதினாலு ஓட்டு போச்சே சார்." செயலாளருக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்த பூட்ஸை ரெண்டு நிமிஷம் கழட்டி வச்சா என்ன குடியா முழுகிடும்?"

மேஜர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். தெருவில் ஆள் இல்லை.

"சொல்றேன். ஆனா போஸ்டர்ல போடக் கூடாது."

"என்ன சார்?"

"வலதைக் கழட்டிடலாம். இடதைக் கழட்டினா காலும் கூடவே வந்துடும்."