அடக்கம்

"துப்பாக்கி பிடிக்காதவனுக்கு எதுக்குடா யூனிஃபார்ம்? சர்க்கஸ்ல போய் ஊது!"

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற அப்பா, இப்படிக் குத்திக் குத்தியே ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசிக்கும் மகனைப் போர்ப் பயிற்சிக்குத் துரத்தினார். பேண்டுக்காரர்களுக்கு அது கட்டாயமே இல்லை.

இன்று அவர் கடைக்குப் போய்த் திரும்பினால், பயிற்சி முடித்து வந்த மகன் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா ஊதுகுழலு, ஓடி ஓடி நாக்குத் தள்ளிடுச்சா?"

முன்பெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை எகிறுவான். இப்போது மூச்சுவிடவில்லை.

"பாத்தியாடி, பயிற்சின்னா இதுதான். என்னா அடக்கம்!" என்று அப்பா பூரித்தார். மனைவி ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னல் கண்ணாடியில் அவர் நிழலைப் பார்த்துத்தான் மகன் திரும்பினான்.

"எப்ப வந்தீங்கப்பா? நான் வாசிக்கிறேன், சுருதி சேருதான்னு தலைய மட்டும் ஆட்டுங்க. சுடுற பயிற்சியில ரெண்டு காதும் போயிடுச்சு."