வேன் ரிப்பேர்

"யோவ், உன் தும்மல இதுவரைக்கும் எத்தினி பேரு பாத்தாங்களாம்?"

மனைவி ஏஞ்சல் கேட்டதும் ஜெரால்ட் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"பதினொண்ணு."

"அதுல ஒம்போது நீயே பாத்திருப்ப."

ஜெரால்ட் கும்மிடிப்பூண்டியில் இரும்பு மில் தொழிலாளி. மில் சங்கு, லோக்கல் ட்ரெயின் ஹாரன், சூப்பர்வைசரின் தும்மல் எல்லாவற்றையும் வாயாலேயே செய்வான். அதைச் செல்போனில் பிடித்து, போன மாதம்தான் நெட்டில் ஏற்றியிருந்தான். மொத்தம் இரண்டே நிமிடம்.

"நீயாவது ஒருவாட்டி பிரவுசிங் சென்டர் போயி பாக்கலாம்ல?"

"ஊட்ல தெனமும் கேக்கறது பத்தாதா? எனக்கு இன்னா பைத்தியமா?"

அவனுக்குச் சுருக்கென்றது.

"சரி. வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள நூறு வரலன்னா வீடியோவ அழிச்சிடறேன். அப்பறம் இந்த வாயில ஒரு சத்தமும் வராது."

"அப்பாடா! ஊடு அமைதியாவும்."

அந்த வாரம் முழுக்க அவளுக்கும் பேஜார்தான். அவள் வேலைக்குப் போய்வரும் கம்பெனி வேன் ரிப்பேராம்; தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். ஜெரால்டே உலை வைத்தான். வழக்கமாகக் குக்கரை முந்திக்கொண்டு வாயாலேயே விசில் அடிப்பவன்; இந்த வாரம் அதுவும் இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக பஜாருக்குப் போய், ரஷீத்தின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தான். நெட் ஆடி அசைந்து வந்தது. அழிக்கிற பட்டன் எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தான். கை மவுஸில் இருக்க, கண் எண்ணிக்கைக்குப் போனது.

நூற்றுப் பதினேழு!

உட்கார்ந்த இடத்திலேயே மில் சங்கை முழுசாக ஊதினான். பக்கத்து கேபின்களிலிருந்து நாலு தலை எட்டிப் பார்த்தது.

"ண்ணா, ஷிஃப்ட் அப்பறம் விடலாம். மொதல்ல நோட்டுல கையெழுத்து போடு, போலீஸு வந்து செக் பண்றாங்க," என்றான் ரஷீத்.

சிரித்துக்கொண்டே நோட்டைப் பிரித்தவன், கையெழுத்துப் போடவே மறந்தான். திங்கள் முதல் சனி வரை, மாலை ஐந்திலிருந்து ஆறு, இரண்டாம் நம்பர் கேபின். ஆறு நாளும் ஒரே கோணல் கையெழுத்து: ஏஞ்சல்.

வீட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"இன்னாய்யா, அழிச்சிட்டியா?"

"இல்ல. உங்க வேன் ரெடியாயிடுச்சாம், ரஷீது சொன்னான்."