என்ஜின் மாற்றியவர்

"எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். எல்லாம் வீரமணி அண்ணன் வேலதான். ஒவ்வொரு போல்ட்டும் இவரு கையால மாட்னது."

நரேஷ் இப்படிச் சொல்லிக்கொண்டே தோளில் கை போட்டபோது, தன் பட்டறையில் மொபெட்டுக்கு பிளக் கழற்றிக்கொண்டிருந்த வீரமணி ஸ்பேனரைக் கீழே வைத்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் கையில் ஃபைலுமாக ஒருவர் நின்றிருந்தார். நரேஷின் அந்தச் சிவப்பு இரண்டு சீட்டர் கார் மதகடிப்பட்டில் எப்போது வந்து நின்றாலும் கூட்டம் கூடும். இன்றைக்கும் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

அத்தனை பேர் எதிரில் சொல்கிறான். இந்த ஒரு வார்த்தைக்காக வீரமணி பதினான்கு மாதம் வெந்திருந்தார்.

நரேஷ் வில்லியனூர் இரும்புக்கடைக்காரர் மகன். அவன் ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் பழைய ஜப்பான் காரில் என்ஜின் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அது ஒருநாள் இறுகி நின்றுபோனது. சென்னையிலேயே யாரும் தொட மாட்டேன் என்றபோது, மஸ்கட்டில் எட்டு வருஷம் கார் பட்டறையில் இருந்துவிட்டு வந்த வீரமணியைத் தேடி வந்தான்.

விபத்தில் நசுங்கிய ஒரு குடும்பக் காரின் என்ஜினை விழுப்புரத்தில் பிடித்தார் வீரமணி. அதற்கான தாங்கியைத் தானே வெட்டி வெல்டிங் வைத்து, கியர் கேபிளை இழுத்து, ஆறு மாதம் மல்லுக்கட்டி ஓட வைத்தார்.

அடுத்த வாரமே யூடியூப்பில் வீடியோ வந்தது. கன்னத்தில் கிரீஸைத் தடவிக்கொண்டு, வீரமணியின் ஸ்பேனரைப் பிடித்தபடி, "ஃபுல்லா நானே தனியா பண்ணது ஃப்ரெண்ட்ஸ்" என்றான் நரேஷ். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதோடு விட்டானா? அந்த என்ஜினோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று வாரம் ஒரு வீடியோ. ரயில்வே கேட்டில் நின்றால் முதுகு பொசுங்குகிறது என்று போனில் அழுவான். வீரமணி தகடு மடக்கி வைத்துச் சூட்டை அடைப்பார். ஞாயிற்றுக்கிழமை அது நரேஷின் கண்டுபிடிப்பாக வெளிவரும்.

"ஒம் பேர ஒரு வாட்டி சொன்னா அவன் நாக்கு இன்னா அழுவியா பூடும்?" என்று மனைவி உமையாள் பொருமுவாள். "நீ ஏன் இன்னும் அவன் போன எடுக்கற?"

"எடுத்தாதான் அவன் நம்ம கைய வுட்டுப் போவ மாட்டான். ஒரு நாளு மாட்டுவான் பாரு."

எப்படி மாட்டுவான் என்று அவருக்கே தெரியாது. சோற்றில் கை வைத்தால்கூட அந்தக் குரல்தான் காதில் விழும். நானே தனியா பண்ணது.

வெள்ளைச் சட்டைக்காரர் காரின் பின்மூடியைத் திறக்கச் சொன்னார். எவ்வளவு வேகம் போகும் என்று எல்லாரும் கேட்பதை அவர் கேட்கவில்லை. குனிந்து டார்ச் அடித்து, என்ஜினில் பொறித்திருந்த எண்ணை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

"சுத்தமான வேல" என்றார். வீரமணிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"சொல்லுங்கண்ணே, நீங்கதான பண்ணீங்க? கூச்சப்படாதீங்க" என்று நரேஷ் அவசரப்படுத்தினான். அவன் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்ததை வீரமணி அப்போதுதான் பார்த்தார்.

வந்தவர் ஃபைலை மூடினார். "நான் மோட்டார் வாகன ஆய்வாளர். இந்த வண்டி அரியாங்குப்பத்துல ஒரு ஸ்கூட்டர இடிச்சிருக்கு. ஆர்.சி.யில இருக்கற என்ஜின் வேற, உள்ள இருக்கறது வேற. அனுமதியே வாங்கல. கேட்டா, சர்வீசுக்குதான் வுட்டேன், மெக்கானிக் என்னக் கேக்காமலே மாத்திட்டாருன்னு எழுதிக் குடுத்திருக்காரு இந்தத் தம்பி."

தோளில் இருந்த கை மெல்ல இறங்கியது.

"ஆனா வீடியோவுல எல்லாத்துலயும் இவரு மூஞ்சிதான் இருக்கு. உங்கள ஒரு எடத்துலயும் காணோம். அதான் நேர்லயே கேட்டுடலாம்னு வந்தேன். இத மாத்தனது நீங்களா?"

டீக்கடையிலிருந்து வந்தவர்களுக்கு உண்மை தெரியும். எல்லாரும் வீரமணியையே பார்த்தார்கள்.

வீரமணி காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். தையல் போட்டது போல் ஓடியிருந்தது வெல்டிங். இனி ஆயுசுக்கும் இப்படி ஒரு வேலை அமையாது. நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பணிவாகச் சொன்னார்:

"அவ்ளோ பெரிய வேலையெல்லாம் நமக்கு வராது சார்."